கணினி நிரலின் முன்னோடி ஏடா லவ்லேஸ் அம்மையார்

 

இன்று தொடக்கப் பள்ளி மாணவர்களும் கணினிக்கு நிரல் எழுதப் பயில்கின்றனர். ஒரு வேலையை எவ்வாறு செய்து முடிக்க வேண்டும் என்று கணினிக்குப் படிப்படியாக எழுதித் தரும் கட்டளைகளின் வரிசையே நிரல் எனப்படும். அவ்வரிசையில் ஒரு சிறு குறி தவறினாலும் கணினி நாம் எதிர்பார்த்த விடையைத் தராது. ஒன்றைத் திருத்தினால் வேறொன்று தவறிப் போகும். இவ்வாறு மீண்டும் மீண்டும் தவறும்போது, இக்கலை நம் அறிவுக்கு எட்டாதோ என்னும் ஐயம் பயில்பவர் உள்ளத்தில் எழுகிறது. கணிதம் பயிலும்போதும் இந்த ஐயம் எழுவதுண்டு. பலர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிடுகின்றனர்.

அவ்வாறு மூடி வைக்காத ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்குக் காண்போம். மின்னாற்றலால் இயங்கும் கணினிகள் தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, எந்திரம் ஒன்று செய்ய வேண்டிய கணக்கைப் படிப்படியாக எழுதி அச்சில் வெளியிட்டவர் அவர். அவர்தாம் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ஏடா லவ்லேஸ் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

ஏடா அம்மையார் 1815ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார், ஆங்கில இலக்கிய உலகில் பெரும் புகழ் பெற்ற கவிஞர் பைரன் பிரபு. தாயார் அன்னபெல்லா, கணிதத்தில் மிகுந்த நாட்டம் உடையவர். இவ்விருவரின் இல்வாழ்க்கை இனிமையாக அமையவில்லை. குழந்தை பிறந்து ஒரு திங்கள் கடந்த அளவில், தாயார் குழந்தையை எடுத்துக்கொண்டு தம் பெற்றோர் இல்லத்திற்குச் சென்றுவிட்டார். 1816ஆம் ஆண்டில் இங்கிலாந்தை விட்டுச் சென்ற பைரன் மீண்டும் தாயகம் திரும்பவேயில்லை. 1824ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டில் அவர் காலமானபோது ஏடாவுக்கு வயது எட்டு. தந்தையின் முகத்தை நினைவு கூரும் பேறும் அச்சிறுமிக்குக் கிட்டவில்லை.

தந்தையின் கட்டுக்கடங்காத உணர்ச்சிப் போக்கு மகளிடமும் வந்துவிடுமோ என்று தாயார் அஞ்சினார். அதற்கு மருந்தாகக் கணிதத்தையும் அறிவியலையும் மகளுக்கு ஊட்ட எண்ணினார். ஆசிரியர்களை வீட்டிற்கே வரவழைத்துக் கண்டிப்புடன் கற்பித்தார். ஆயினும், கற்பனை ஆற்றல் அச்சிறுமியை விட்டு நீங்கவில்லை. தமது பன்னிரண்டாம் வயதில், 1828ஆம் ஆண்டில், மனிதன் பறப்பதற்கு வழி காண விரும்பினார். பறவைகளின் சிறகுகளை ஆராய்ந்தார். எந்தப் பொருளால் சிறகு செய்யலாம், அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சிந்தித்தார். நீராவியால் இயங்கும் பறக்கும் குதிரை ஒன்றையும் மனத்தில் வடித்துப் பார்த்தார். அம்முயற்சி கைகூடவில்லை. எனினும், கனவு காண்பதோடு நில்லாமல் அதனை அளந்து பார்க்கும் பழக்கம் அப்பொழுதே அவரிடம் வேரூன்றிவிட்டது.

1829ஆம் ஆண்டில் அவரைத் தட்டம்மை நோய் தாக்கியது. கால்கள் செயலற்றன. நெடுங்காலம் படுக்கையிலேயே கிடந்தார். பின்னர் ஊன்றுகோல்களின் துணையால் சிறிது சிறிதாக நடக்கத் தொடங்கினார். உடல் நலிவு அவரை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. இருப்பினும், படுக்கையில் இருந்த காலத்திலும் அவர் கல்வியைக் கைவிடவில்லை.

எந்திரத்தைக் கண்ட நாள்

1833ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஏடாவின் வாழ்க்கையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. இலண்டனில் நடந்த ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித மேதையைச் சந்தித்தார். சில நாள்களுக்குப் பின் தாயாருடன் பாபேஜின் இல்லத்திற்குச் சென்று, அவர் அமைத்திருந்த கணக்கிடும் எந்திரத்தின் ஒரு பகுதியை நேரில் கண்டார்.

அவ்வெந்திரம் ஏன் தேவைப்பட்டது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் கடலோடிகளும் வானியல் அறிஞர்களும் பொறியாளர்களும் அச்சிட்ட எண் அட்டவணைகளை நம்பியே தம் பணிகளைச் செய்தனர். அந்த எண்களை மனிதர்கள் கையால் கணக்கிட்டனர். அச்சுக் கோப்பதும் கையால்தான். ஆகவே, பிழைகள் மலிந்திருந்தன. ஓர் எண் தவறினால் ஒரு கப்பல் வழி தவறக்கூடும். இக்குறையைப் போக்கவே பாபேஜ் தமது எந்திரத்தைத் திட்டமிட்டார்.

அது கூட்டல் ஒன்றைக் கொண்டே பெரிய கணக்குகளைச் செய்ய வல்லது. எவ்வாறு எனில், 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களைப் பாருங்கள். அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடுகள் 3, 5, 7, 9 ஆகும். அந்த வேறுபாடுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு எப்பொழுதும் 2 ஆகும். ஆகவே, 9உடன் 2ஐக் கூட்டினால் 11. அதனை 25உடன் கூட்டினால் 36. பெருக்கல் எதுவுமின்றி அடுத்த வர்க்க எண் கிடைத்துவிட்டது! இந்த நுட்பத்தைத்தான் பாபேஜ் பற்சக்கரங்களைக் கொண்டு செய்து காட்டினார். இது வேறுபாட்டு எந்திரம் எனப்பட்டது.

பார்க்க வந்தவர்களுள் பலர் அதனை ஒரு விந்தைப் பொருளாகவே பார்த்துச் சென்றனர். ஏடாவோ, அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய விரும்பினார். அதற்குத் தம்மிடமுள்ள கணித அறிவு போதாது என்பதையும் உணர்ந்தார். மேரி சோமர்வில் என்னும் புகழ்பெற்ற பெண் அறிவியலாளர் அவருக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் விளங்கினார்.

மதுரையில் பிறந்த ஆசான்

1835ஆம் ஆண்டில் ஏடாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் வில்லியம் கிங் 1838இல் லவ்லேஸ் பிரபு என்னும் பட்டம் பெற்றார். அதனால் ஏடாவும் லவ்லேஸ் சீமாட்டி ஆனார். 1839ஆம் ஆண்டிற்குள் மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். குடும்பப் பொறுப்பும் உடல் நலிவும் ஒருங்கே சூழ்ந்த அந்த நிலையில்தான், கணிதத்தை முறையாகக் கற்க வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு மீண்டும் எழுந்தது.

அக்காலத்தில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற இயலாது. இலண்டன் பல்கலைக்கழகம் 1878ஆம் ஆண்டில்தான் பெண்களுக்குப் பட்டப் படிப்பின் கதவைத் திறந்தது. ஆகவே, ஏடா அம்மையார் 1840ஆம் ஆண்டில் ஓர் ஆசிரியரிடம் பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே பாடம் கேட்கத் தொடங்கினார். அந்த ஆசிரியர், இலண்டன் பல்கலைக் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியரான அகஸ்டஸ் டி மார்கன் ஆவார்.

இவ்வாசான் பிறந்த ஊர் எது என்று அறிந்தால் நாம் வியப்படைவோம். அவர் 1806ஆம் ஆண்டில் நம் தமிழ் வளர்த்த மதுரை மாநகரில் பிறந்தவர்! அவருடைய தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றியவர். பிறந்த சிறிது காலத்திலேயே அக்குழந்தை ஒரு கண்ணின் பார்வையை இழந்தது. ஏழு திங்கள் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றனர். ஒற்றைக் கண்ணோடு கற்று உயர்ந்த அப்பெரியார், பொறுமை என்பதன் பொருளை நன்கு அறிந்திருந்தார்.

ஐயமும் தெளிவும்

பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஏடா அம்மையாருக்குக் கணிதம் எளிதாக வந்தது என்று நாம் எண்ணிவிடக்கூடாது. அவர் டி மார்கனுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி, விளங்காத இடங்களைக் குறிக்கும் கேள்விகளே ஆகும். இயற்கணிதத்தில் ஒரு குறிக்குப் பதிலாக வேறொன்றை இட்டு மாற்றும் எளிய வேலையிலும் அவர் தடுமாறியதுண்டு. ஒரு வடிவில் கைக்குள் அகப்பட்டுவிட்டது என்று எண்ணும்போதே வேறு வடிவம் கொண்டு நழுவிப்போகும் மாயப் பிறவிகளைப் போலச் சில சமன்பாடுகள் அவருக்குத் தோன்றின. ஒருநாள் தம் ஆற்றலில் பெரும் நம்பிக்கை கொள்வார். மற்றொரு நாள், தாம் எதிர்பார்த்த வேகத்தில் முன்னேறவில்லையே என்று கவலை கொள்வார்.

இந்த ஐயத்தை அவர் எவ்வாறு வென்றார்? இதுவே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

முதலாவதாக, அவர் தமக்கு விளங்காததை மறைக்கவில்லை. பட்டம் பெற்ற சீமாட்டியாக இருந்தும், எளிய ஐயத்தைக் கேட்பதற்கு நாணவில்லை. பொதுவாகப் புரியவில்லை என்று எழுதாமல், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் தாம் நிற்கிறார் என்பதைக் குறித்து எழுதினார். தடை எங்கே உள்ளது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சுமை குறைந்துவிடும் அன்றோ?

இரண்டாவதாக, ஆசிரியரின் அறிவுரையை ஏற்று வேகத்தைக் குறைத்தார். உயர்ந்த பகுதிகளுக்கு விரைந்து செல்லும் ஆர்வம் அவரிடம் மிகுதி. அடித்தளம் வலுவின்றி இருந்த இடங்களில் டி மார்கன் அவரைப் பின்னுக்கு அழைத்து வந்து, ஒவ்வொரு படியாக ஏறச் செய்தார்.

மூன்றாவதாக, தவற்றைப் பற்றிய தம் எண்ணத்தையே மாற்றிக்கொண்டார். முன்பெல்லாம், பிழையில் சிக்கிக் கழிந்த நேரம் வீணாயிற்று என்று அவர் வருந்தியதுண்டு. பின்னர், எளிதாகக் கற்றுக்கொள்ளும் பல செய்திகளைவிடத் தாமே கண்டுபிடிக்கும் ஒரு பிழை தமக்கு மிகுந்த பயனைத் தருகிறது என்று உணர்ந்து, அதனைத் தம் ஆசிரியருக்கும் எழுதினார். தவறு தம் அறிவின்மைக்குச் சான்று என்று கருதாமல், அடுத்த பாடத்திற்கு வழிகாட்டி என்று கருதத் தொடங்கிய அன்றே அவர் தம் ஐயத்தை வென்றுவிட்டார் எனலாம்.

பிற்காலத்தில் டி மார்கன், ஆணாயினும் பெண்ணாயினும் தொடக்க நிலையில் பயிலும் எவரிடமும் காணக்கிடைக்காத சிந்தனை ஆற்றல் அவரிடம் இருந்தது என்று மதிப்பிட்டார். கடுமையான கணிதச் சிந்தனையைப் பெண்ணின் உடல் தாங்காது என்னும் அக்காலத்துத் தவறான கருத்து அப்பேராசிரியரிடமும் இருந்தது. அத்தகைய எண்ணங்கள் சூழ்ந்திருந்த உலகில்தான் ஏடா அம்மையார் கற்று முன்னேறினார்.

புகழ் தந்த குறிப்புகள்

இதற்கிடையில் பாபேஜ், வேறுபாட்டு எந்திரத்தினும் மிக உயர்ந்த ஓர் எந்திரத்தைத் திட்டமிட்டிருந்தார். அது பகுப்பாய்வு எந்திரம் எனப்பட்டது. அதில் எண்களைச் சேமித்து வைக்க ஒரு களஞ்சியமும், கணக்கைச் செய்து முடிக்க ஓர் ஆலையும் அமைந்திருந்தன. செய்ய வேண்டிய வேலையைத் துளையிட்ட அட்டைகள் அதற்கு உணர்த்தும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவரின் தறியில் இத்தகைய அட்டைகளே துணியில் பூ வேலைப்பாடுகளை நெய்ய வழிகாட்டின. அந்த முறையையே பாபேஜ் கணக்கிற்குப் பயன்படுத்த எண்ணினார். அட்டையை மாற்றினால் வேலை மாறும். இன்றைய கணினியின் அடிப்படைக் கருத்து இதுவே ஆகும்.

அவ்வெந்திரத்தைப் பற்றி இத்தாலியப் பொறியாளர் மெனபிரியா பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை 1842ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏடா அம்மையார் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதனைக் கண்ட பாபேஜ், இத்துணை நன்கு அறிந்த பொருளைப் பற்றித் தாமே ஒரு கட்டுரை எழுதாதது ஏன் என்று கேட்டார். அத்தகைய எண்ணம் தமக்குத் தோன்றவேயில்லை என்பதே அம்மையாரின் விடை. முயன்று கற்றிருந்தும், பிறர் எழுதியதை மொழிபெயர்க்கலாம் என்று எண்ணினாரேயன்றித் தாமே எழுதலாம் என்று அவர் எண்ணவில்லை! மொழிபெயர்ப்புடன் சொந்தக் குறிப்புகளையாவது சேர்க்குமாறு பாபேஜ் தூண்டினார். அம்மையார் இசைந்தார்.

1843ஆம் ஆண்டின் கோடைக் காலம் முழுவதும் அவர் அப்பணியில் மூழ்கினார். குறிப்புகள் ஏழாக விரிந்து, மூலக் கட்டுரையைவிடப் பன்மடங்கு நீண்டன. இறுதிக் குறிப்பில் பெர்னூலி எண்கள் என்னும் கடினமான எண் வரிசையை எந்திரமே கணக்கிடுவதற்கான முறையைக் காட்ட முடிவு செய்தார். அவ்வரிசையில் ஒவ்வோர் எண்ணும் முந்திய எண்களைக் கொண்டே கணக்கிடப்படும். ஆகவே, ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் பின்வரும் அனைத்தும் பிழையாகிவிடும். அம்மையார் சேற்றில் சிக்கியவரைப் போலத் திகைத்து நின்ற நாள்களும் உண்டு. பாபேஜுக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் ஓயாமல் சென்று வந்தன.

அவருடைய சுமையைக் குறைக்க விரும்பிய பாபேஜ், அந்த இயற்கணிதப் பகுதியைத் தாமே செய்து அனுப்பினார். அம்மையார் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வரி வரியாகச் சரிபார்த்தார். அதில் பெரும் பிழை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். எளிய மாற்றங்களிலும் தடுமாறிய மாணவி, தம்மினும் இருபத்துநான்கு ஆண்டு மூத்த மேதையின் பிழையைத் திருத்தும் நிலைக்கு உயர்ந்துவிட்டார்! பாபேஜும் பெருந்தன்மையோடு இச்செய்தியைத் தம் தன்வரலாற்று நூலில் பதிவு செய்தார்.

முடிவில், 25 செயல்கள் கொண்ட பெரிய அட்டவணை உருவாயிற்று. எந்த எண்ணை எங்கிருந்து எடுக்க வேண்டும், கூட்டுவதா, கழிப்பதா, பெருக்குவதா, வகுப்பதா, விடையை எங்கு வைக்க வேண்டும் என்பன யாவும் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டன. 13 முதல் 23 வரையுள்ள செயல்களை மீண்டும் செய்ய வேண்டும் என்றும் காட்டப்பட்டது. அம்மையார் பென்சிலால் எழுதியதன்மேல் கணவரே மையிட்டு உதவினார். 1843ஆம் ஆண்டில் அக்குறிப்புகள் அச்சேறின. முழுப் பெயரை இடாமல், ஏ. ஏ. எல். என்னும் முதலெழுத்துகளை மட்டுமே அவர் இட்டார்.

பாபேஜும் முன்னரே சில செயல் வரிசைகளை எழுதி வைத்திருந்தார். ஆதலால், முதல் நிரலை எழுதியவர் யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அச்சில் வெளிவந்தவற்றுள் இத்துணை விரிவாகவும் நுட்பமாகவும் அமைந்த முதல் செயல் வரிசை அம்மையாருடைய அட்டவணையே என்பர். அச்சிடப்பட்ட அந்த அட்டவணையிலும் ஒரு பிழை உண்டு! நான்காம் செயலில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறியுள்ளன. ஆனால், அப்பிழை அம்மையாரின் பெருமையைச் சிறிதும் குறைக்கவில்லை.

எண்களை மட்டுமன்றி, இசை போன்ற பிறவற்றையும் குறிகளாக மாற்றினால் எந்திரம் அவற்றையும் கையாள வல்லது என்று அவர் தொலைநோக்குடன் எழுதினார். அதே வேளையில், எந்திரம் தானாக எதையும் புதிதாகத் தோற்றுவிக்காது. மனிதன் அறிந்து இடும் கட்டளையையே நிறைவேற்றும் என்றும் தெளிவுபடுத்தினார். இக்கருத்தை ஆலன் டூரிங் என்னும் அறிஞர் 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வுக் கட்டுரையில் எடுத்து ஆராய்ந்தார்.

இறுதிக் காலமும் அழியாப் புகழும்

அம்மையாரின் பிற்கால வாழ்க்கை துயரம் நிறைந்தது. குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டுப் பெரும் பணத்தை இழந்தார். குடும்ப நகைகளையும் அடகு வைத்தார். கணித அறிவு பெற்றவரையும் சூதாட்டம் வீழ்த்திவிடும் என்பதற்கு இது சான்றாகும். புற்றுநோயால் பெரிதும் வருந்தி, 1852ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள் தமது 36ஆம் வயதில் இயற்கை எய்தினார். தந்தையாரும் அதே 36ஆம் வயதில்தான் காலமானார். அம்மையாரின் விருப்பப்படியே, தாம் அறியாத அத்தந்தையின் அருகில், ஹக்னால் என்னும் ஊரின் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

பகுப்பாய்வு எந்திரம் அவர் வாழ்நாளில் உருவாகவில்லை. தாம் எழுதிய கட்டளைகள் இயங்குவதை அவர் கண்ணால் காணவேயில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின், 1953ஆம் ஆண்டில் அவருடைய குறிப்புகள் கணினியைப் பற்றிய நூல் ஒன்றில் மீண்டும் அச்சிடப்பட்டன. உலகம் அவரை மீண்டும் அறிந்தது. அமெரிக்க நாட்டின் பாதுகாப்புத் துறை, தனக்காக உருவாக்கிய நிரல் மொழிக்கு ஏடா என்றே பெயர் சூட்டியது. அம்மொழிக்குரிய தர ஆவணத்திற்கு, அவர் பிறந்த ஆண்டாகிய 1815 என்பதே எண்ணாக இடப்பட்டது.

நாம் பெறும் படிப்பினை

ஏடா அம்மையார் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். சிறந்த ஆசிரியர்களைப் பெற்றவர். அத்தகைய வசதி எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், அவர் ஐயத்தை வென்ற முறைக்குப் பணம் தேவையில்லை. விளங்காத வரியைக் குறித்துக்கொள்ள ஒரு பென்சிலும், அதனை ஆசிரியரிடம் கேட்கும் துணிவும், மீண்டும் முயலும் பொறுமையும் போதும். இவை தோட்டத்துப் பிள்ளைக்கும் உரியவை. நகரத்துப் பிள்ளைக்கும் உரியவை.

பெற்றோர்களே! பிள்ளை ஒரு கணக்கில் தவறிவிட்டால், அவனுக்குக் கணக்கு வராது என்று தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். எந்த இடத்தில் நின்றுவிட்டான் என்று அன்புடன் கேளுங்கள். உங்களுக்கு அப்பாடம் தெரியாமல் இருக்கலாம். ஆனால், நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியே பிள்ளையைச் சிந்திக்க வைக்கும்.

மாணவச் செல்வங்களே! கணினி உங்கள் நிரலை ஏற்க மறுத்தால் மனம் தளராதீர்கள். அது உங்களை இகழவில்லை. திருத்த வேண்டிய இடம் ஒன்று உள்ளது என்று உணர்த்துகிறது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஒவ்வோர் அடியாகச் சரிபாருங்கள், தெரியாததைக் கேளுங்கள், மீண்டும் எழுதுங்கள். ஏடா அம்மையாரும் அவ்வாறு முயன்றே உயர்ந்தார். நாமும் முயல்வோம், கற்போம், உயர்வோம்!